பைத்தானிக்குக் காவல்

ஜோஸ்பின் விடியற்காலையில் போனாள். இந்த மராத்தி ஊர் தாபோடியில் இருக்கிற தமிழர்களுக்கெல்லாம் உடனே தெரிந்துவிட்டது. பால் பாக்கெட்டுக்கு முன்னால் ஃபாதர் வந்துவிட்டார். அடக்கம் சாயங்காலம் என்று முடிவானது. அதற்குள் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அவளுடைய கல்யாணப் பட்டை அவளுக்குக் கட்டி அனுப்புவது.

ஆஸ்பத்திரியில் வைத்து வாக்கு வாங்கியிருந்தாள். நான் வழக்கம்போல, "அதைக் கட்டிக்கிட்டுப் போனா, மோட்ச வாசல்ல கல்யாண மண்டபம் எதிர்ப்பக்கம்னு திருப்பி அனுப்பிருவாங்க" என்றேன்.

"சிரிச்சு மழுப்பாதீங்க. கட்டிவிடுதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொன்னேன். எங்கள் முப்பது வருடத்துக் குடித்தனத்தில் நான் அவளிடம் சிரிக்காமல் சொன்ன வாக்கியம் அநேகமாக அது ஒன்றுதான்.

பட்டு என்றால் பைத்தானி. தூத்துக்குடியில் பெண் எடுத்த நான், காஞ்சிபுரம் எதிர்பார்த்திருந்த மாமனார் வீட்டில், யேவலா வரை பஸ்ஸில் போய் நெசவாளர் வீட்டிலேயே வாங்கிய பைத்தானியோடு போய் இறங்கினேன். கோதாவரிக் கரையில் பைத்தான் ஊரில் பிறந்த நெசவு. ஒரு காலத்தில் கப்பலேறி ரோமாபுரி வரை போனது என்பார்கள். மராத்தி நாட்டை ஆண்ட பேஷ்வாக்கள் ஆசை ஆசையாக நெய்யச் சொல்லி உடுத்தினார்கள் என்பார்கள். தூத்துக்குடியில் போணியாகவில்லை.

"மயிலா இது? கோழிக்குக் கிரீடம் வச்சமாதிரில்லா இருக்கு!" என்றார் ஜோஸ்பினுடைய அக்கா ஸ்டெல்லா.

ஜோஸ்பின் மட்டும் முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல உள்பக்கம் எதுங்க?"

உள்பக்கமே கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மயில்தான் என்றேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக நூல் சுற்றிய சின்னக் குச்சி. மயிலின் கழுத்து முடிகிற இடத்தில் பச்சை நூல், பக்கத்தில் வருகிற ஜரிகையைக் கோத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும். எல்லாம் விரலால் செய்வது. நெசவாளர் மராத்தியில் சொன்னதை வழியெல்லாம் உருப்போட்டுக்கொண்டு போய் ஒப்பித்தேன். என் பேச்சைக் கடைசி வரை கேட்ட முதல் பெண் அவள். அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

கோயிலில் வெள்ளை, தாலி ஏறியதும் பைத்தானி. அந்த ஒரு நாள்தான் கட்டினாள். அப்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் அந்துருண்டை போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். மற்ற பட்டுகளை வருடா வருடம் உதறி, மடிப்பு மாற்றி வைப்பாள். இதை மட்டும் பிரிக்கமாட்டாள். கேட்டால், "பிரிச்சா கட்டத் தோணும். இது நான் போறப்பக் கட்டிக்க" என்பாள்.

பெண்கள் குளிப்பாட்டி முடித்து உறையைப் பிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு ருக்மிணியக்கா கதவைத் திறந்து, தன்னுடைய மராத்தி கலந்த தமிழில், "அண்ணே, ஜரா உள்ள வாங்க" என்றார்.

கட்டிலில் பைத்தானி கிடந்தது. மடிப்பு இருந்த இடத்திலெல்லாம் விட்டுப்போயிருந்தது. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது, தூக்கினால் அப்பளம். ஒரே மடிப்பில் இத்தனை வருடம் இருந்த பட்டு. கட்டாமல் காப்பாற்றியே கொன்றிருக்கிறோம்.

"டாடி, இட்ஸ் ஓகே" என்றாள் என் மகள் ஃபியோனா. அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. "மம்மியோட வேற பட்டு இருக்கில்ல? அது போடலாம். மம்மிக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமேம்மா."

ருக்மிணியக்கா ஜோஸ்பின் வீட்டில் கட்டுகிற நீலக் காட்டன் புடவையைக் கட்டிவிட்டு, அதன்மேல் பைத்தானித் துண்டுகளை ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மயில் முந்தானையை மார்பில் விரித்தார். பெட்டியில் வைத்தபோது, சத்தியமாக, கட்டின மாதிரியே இருந்தது.

"தொடாத வரைக்கும் டீக். கை பட்டுச்சுன்னா போச்சுண்ணே."

அப்படித்தான் என் மனைவியின் சாவு வீட்டில் எனக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ஃபேனை நிறுத்தினேன். மே மாத வெக்கையில் வந்தவர்கள் ஜெபப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் விசிறுங்க என்றேன். ஆபீஸ் ரங்கராஜன் ஆள் உயர ரோஜா மாலையோடு வந்து மார்பில் சாத்தப்போனார். பிடுங்கிக் காலடியில் வைத்தேன். குனிந்து முத்தம் கொடுக்க வந்தவர்களிடம், "நெத்தி மட்டும், நெத்தி மட்டும்" என்றேன், திருவிழாக் கூட்டத்தில் வரிசை ஒழுங்கு செய்யும் போலீஸ் மாதிரி.

"மனுஷனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரலியே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு எங்கே நேரம்?

ஸ்டெல்லா மதினிக்காகத்தான் காத்திருந்தோம். மதுரையிலிருந்து இரண்டு ஃப்ளைட் மாறி, மாலை ஜெபத்துக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவள் வந்தால் தூரத்தில் நின்று சிலுவை போட்டுவிட்டுப் போகமாட்டாள். மேலே விழுந்து, கட்டிப் பிடித்து, ஆட்டி அழுவாள். அது இந்த மூளைக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

"ஏட்டி ஜோஸ்பினு! என்னப் பெத்த தாயே!"

வாசலிலிருந்தே கையை விரித்துக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போய் இரண்டு தோளையும் பிடித்துவிட்டேன்.

"மதினி, வேண்டாம். தொடாதீங்க."

மதினி என் கையைத் தட்டிவிடப் பார்த்தார்.

"என்னது?"

"பட்டு... பட்டு போயிரும் மதினி."

"எம் பொறப்ப நான் தொடக்கூடாதா? இம்புட்டுத் தூரம் அவளப் பாக்க வந்தனா, சீலையப் பாக்க வந்தனா? நீரெல்லாம் என்ன மனுசன்வே!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது ஒரு வேடிக்கைப் பேச்சு, விழுங்கிக்கொண்டேன். என் கைக்குள் அந்தக் கிழத் தோள்கள் பெட்டியை நோக்கி முண்டின. என் வாக்கு பெட்டிக்குள் பளபளத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஊரையே விலக்கிய நான், அவளை ஒரு தடவைகூடத் தொட்டிருக்கவில்லை.

கையை எடுத்தேன்.

மதினி விழுந்தார். ஒரு சத்தமும் இல்லை. பட்டுக்குக் கிழிகிற சத்தம் போடக்கூடத் தெம்பில்லை. மயில் ஒன்று கழுத்தில் உடைந்து மதினியின் ஈரக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. துண்டுகள் சரிந்து, நீலக் காட்டன் தெரிந்தது. ருக்மிணியக்கா பதறிக்கொண்டு வந்தார்.

"விடுங்கக்கா" என்றேன்.

பெட்டிக்குள் கையை விட்டேன். ஜரிகைத் தூளுக்கு அடியில், ஜெபமாலை சுற்றியிருந்த அவள் கை சில்லென்று கிடந்தது. பிடித்துக்கொண்டேன். ஃபாதர் ஜெபத்தை ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். "இருங்க ஃபாதர், கொஞ்சம் இருங்க" என்றேன்.