முப்பது அடி தள்ளிப்போன சமையலறை

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆம்பூரில் ஜெயபுஷ்பத்தின் சமையலறை வீட்டை விட்டுக் கிளம்பி, தெருவைக் கடந்து, எதிர்ப்புறம் அப்துல் சமத் பாயின் காலி மனையில் போய் நின்றுகொண்டது. அடுப்பு, சிலிண்டர், மிக்ஸி, அஞ்சறைப் பெட்டி எல்லாம் உள்ளேயே இருந்தன. ஒரு தம்ளர்கூடக் கவிழவில்லை. அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

ஜெயபுஷ்பம் பதினான்கு வருடம் ஷூ கம்பெனியில் சரக்கைச் சரிபார்க்கிற செக்கராக இருந்தவள். கம்பெனியை மூடியதும் கத்திரிக்காய்த் தொக்கு செய்து பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தாள். வேலூரில் ஒரு நர்ஸ் ஹாஸ்டலே அதை நம்பித்தான் சோறு தின்றது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அவள் கணவர் ஜார்ஜுக்கும் இதில் வேலை இருந்தது. அவர் படுத்திருந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். கட்டிலில் கிடந்தபடியே வாசனை பிடித்து, "புஷ்பம், உப்பு கம்மி" என்பார். நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கணக்கு தப்பியதில்லை; அவளும் கரண்டியை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. அந்த மனிதருக்கு மிச்சமிருந்த உத்தியோகம் அது ஒன்றுதான்.

அப்படியிருக்க, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் ஒட்டாத பாட்டில் இனி வேண்டாம் என்று ஹாஸ்டலில் சொல்லிவிட்டார்கள். அரசாங்கத்துக்கு ஜனங்களின் வயிற்றின்மேல் அக்கறை பொங்கி, சாக்கடைமேல் பலகை போட்டுப் பொரிக்கிற சில்லி சிக்கனையெல்லாம் பத்திரமாகத் தாண்டி, நேராக ஜெயபுஷ்பத்தின் அடுப்படிக்கு வந்து சேர்ந்திருந்தது. பிரவுசிங் சென்டர் ரெனால்ட் பதிவுக்கான படிவத்தை நிரப்பினான். அவன் முன்பு கம்பெனியில் ஆடிட் ஃபைல் எழுதியவன். ஆடிட் என்றால் என்னவென்று ஆம்பூருக்குத் தெரியும். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரன் கம்பெனியைப் பார்க்க வருகிற அன்று கழிவறையில் சோப்பு இருக்கும், மறுநாள் அது ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். கேட்டதைவிட ஜாஸ்தியாக எழுதியே பழகிய கை அது. சமையலறைக்கும் நோயாளி படுத்திருக்கும் அறைக்கும் எத்தனை அடி தூரம் என்ற கட்டத்தில், முப்பது என்று அடித்தான்.

"இன்னாப்பா இது, நடுவுல ஒரு சுவருதானே இருக்கு?"

"பேப்பர்ல இருந்தா போதும் ஆன்ட்டி. டேப் வெச்சி எவன் அளக்கப் போறான்?"

கார்டில் எழுதியது ஒன்றும் டப்பாவில் இருப்பது ஒன்றுமாக ஒரு ஜோடி ஷூவைக்கூட அவள் வெளியே விட்டதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண் வேண்டுமே, கையெழுத்துப் போட்டாள். இருபது வருடம் அவள் கையில் வளர்ந்த சமையலறைக்குத்தான் பேப்பரும் சரக்கும் வேறாக இருப்பது பொறுக்கவில்லை போலிருக்கிறது. மறுநாளே கிளம்பிவிட்டது.

"மனை சும்மாதானே கெடக்கு, இருக்கட்டும்மா" என்றார் சமத் பாய். ஆய்வாளர் விஜயகுமாரி வந்து, டேப் வைத்தே அளந்தார். சரியாக முப்பது. எழுதியதும் இருப்பதும் ஒன்றாக இருந்ததை அவர் தம் சர்வீஸில் அன்றுதான் பார்த்தார். சந்தேகத்தோடு இன்னொரு தடவை அளந்தார். சமையலறை எப்படி இங்கே வந்தது என்று படிவத்தில் கேள்வி இல்லை. அதனால் அவரும் கேட்கவில்லை. "உடம்பு சரியில்லாதவங்க மட்டும் வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாதும்மா. வந்தா நம்பர் கேன்சல்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண் வந்தது, உப்பு போய்விட்டது. முதல் நடை தொக்கு கரித்தது என்று ஹாஸ்டலிலிருந்து திரும்பி வந்தது. இரண்டாவது நடை சப்பென்று இருந்ததாம். வெள்ளிக்கிழமை நடையும் இப்படியே இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். தூரத்தை மாற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு, திருத்தத்துக்குத் தொண்ணூறு வேலை நாள் ஆகும் என்றான் ரெனால்ட். ஜார்ஜின் ஜன்னலுக்கு வெளியே இப்போது வெறும் வானம்தான் தெரிந்தது. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, "இன்னிக்கு இன்னா செஞ்ச?" என்று கேட்டார். நாலு வருடமாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவள் எண்ணெய் காயவைத்துக் கடுகைப் போட்டாள். எதிரே அவள் வீட்டில் ஜார்ஜின் கட்டில் நாலு காலாலும் எழுந்து, வாசலைத் தாண்டி, தெரு ஓரத்தில் நின்று ஒரு ஷேர் ஆட்டோவுக்கு வழிவிட்டு, பிறகு நிதானமாகக் கடந்து வந்தது. சமையலறை வாசல்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுகொண்டது. கத்திரிக்காய் வெந்து மசிகிறவரை ஜார்ஜ் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"புஷ்பம், உப்பு கம்மி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை போட்டாள். வெள்ளிக்கிழமை போன பாட்டில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

யாரோ புண்ணியவான் புகார் எழுதிப்போட, விஜயகுமாரி மறுபடி டேப்போடு வந்தார். வாசல்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒன்பது அங்குலம். உள்ளே நோயாளி இல்லை என்று எழுதி, மை காய ஊதி, மடித்து வைத்தார். நடக்கிற கட்டிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. போகும்போது இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டார். இப்போதும் தினம் பதினொரு மணிக்குக் கட்டில் தெருவைக் கடக்கிறது, ஷேர் ஆட்டோக்காரர்கள் நின்று வழிவிடுகிறார்கள். மழை நாளில் சமத் பாய் குடை பிடிக்கிறார்.