நலம் பட்டனை அமுக்கியது யார்?

அலுவலகத்தில் எல்லோரும் அவளை விடாக்கண்டி என்றுதான் சொல்வார்கள். கோப்பில் ‘சரி’ என்று எழுதியிருந்தால், யாருக்குச் சரி என்று கேட்டு எழுதியவன் உயிரை வாங்கிவிடுவாள்.

இந்த முறை மாட்டியவன் பக்கத்து மேசை வரைவாளன். எழுபது வயது தாண்டியவர்களுக்கான திட்டத்தை எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவன். அரசு ஆளுக்கொரு கைபேசி தரும். திங்கட்கிழமைதோறும் அதில் ‘நலம்’ பட்டனை அமுக்கினால் போதும், மாதாமாதம் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் இனி வர வேண்டாம். சோதனை ஓட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் தவறாமல் அமுக்கியிருந்தார்கள். இன்று நான்கு மணிக்கு இயக்குநர் கையெழுத்துப் போட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து நர்ஸ் வருவது நின்றுவிடும்.

“அமுக்கினது யாரு?” என்று மூன்று நாளைக்கு முன்பே கேட்டிருந்தாள் விடாக்கண்டி.

“பேய் வந்தா அமுக்கும்? அவங்கதான்.”

“கேட்டியா?”

அவன் கேட்கவில்லை. அவள் கேட்டாள். மூன்று நாளாகப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழைத்தாள். ஒருவர் முழங்கால் வலியைச் சொல்லி முடிக்கும்வரை ‘உம்’ கொட்டினாள். திட்டிவிட்டு வைத்தவரைச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அழைத்துச் சிரிக்க வைத்தாள். அமுக்கியது மகள், மாடி வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர் என்று தாள் நிறைந்துகொண்டே போனது. வரைவாளனுக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பிரமிப்பாக இருந்தது. எட்டு மாதத்தில் இவர்களில் ஒருவரிடம்கூட அவன் பேசியதில்லை.

இன்று இரண்டு மணிக்கு அவள் அடுத்த எண்ணை அழுத்தினாள். வரைவாளனின் டிராயருக்குள் மணி அடித்தது.

அறையே திரும்பிப் பார்த்தது. அவன் டிராயரைத் திறந்தான். சார்ஜரில் கிடந்தது, சோதனை ஓட்டத்தில் அப்பாவுக்கு அரசு தந்த கைபேசி. “பட்டன் கண்ணுக்கே தெரியலடா” என்று அவர் சொன்னபோது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீ குடித்துக்கொண்டே அமுக்குவான்.

அவள் அவனைக் கேலி செய்யவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, மற்றவர்களிடம் கேட்ட அதே குரலில் கேட்டாள். “அமுக்கினது?”

“மகன்.”

“அவரைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?”

அவன் விரல் விட்டு எண்ணினான். “மூணு மாசம் ஆச்சுக்கா.”

அதையும் எழுதிக்கொண்டாள். அப்பா நலமாக இருக்கிறார் என்று வாராவாரம் அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவர் முகத்தையே பார்க்கவில்லை. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நான்கு மணிக்கு இயக்குநர் பேனாவைத் திறந்தபோது, அவள் வாயைத் திறக்குமுன் அவனே எழுந்தான்.

“சார், நர்ஸ் வர்றதை நிறுத்தக் கூடாது. பட்டன் கூடவே இருக்கட்டும், நர்ஸுக்குப் பதிலா வேணாம். தொண்ணூத்தாறுல பாதிக்கு மேல மத்தவங்க அமுக்கினது. அதுல ஒண்ணு நான்.”

இயக்குநர் அவளுடைய தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு நர்ஸை நிறுத்தும் பிரிவைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, “இதையெல்லாம் யாரும்மா உன்னைச் செய்யச் சொன்னது?” என்றார்.

“யாரும் சொல்லல சார்.”

அன்று மாலை வரைவாளன் கைபேசியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவர் பதறிப்போனார்.

“என்னடா திடீர்னு? யாருக்கு என்ன ஆச்சு?”