இன்னா டாக்டரு?

பட்டாபிராம் ஜேசுராஜின் மகள் ஷாரன் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, அமெரிக்காவில் மேற்படிப்புக்கு ஒரே சமயத்தில் இரண்டு துறைகளில் விண்ணப்பித்தாள். ஒன்று ஃபேமிலி மெடிசின். நாள் முழுக்க நோயாளிகளோடு பேச வேண்டும். இன்னொன்று பேத்தாலஜி, உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்ல வேண்டும், நோயாளியின் முகத்தையே பார்க்க வேண்டியதில்லை. அவள் மதிப்பெண் சுமார்தான். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

வீடு இரண்டு கட்சியானது. ஆவடி டாங்க் தொழிற்சாலை இரைச்சலிலேயே காலம் தள்ளிய ஜேசுராஜ், "ஏசி ரூம். யாரும் வந்து கத்த மாட்டாங்க. வேற என்ன வேணும்?" என்றார். அம்மா ஜெயசீலி ஒத்துக்கொள்ளவில்லை. "மனுஷங்க மூஞ்சியப் பார்க்காத டாக்டரு என்ன டாக்டரு?" ஞாயிறு பூசையில் இருவரும் ஒரே பெஞ்சில் மண்டியிட்டு, ஆளுக்கொரு வேண்டுதல் வைத்தார்கள்.

ஷாரனுக்கு எது கிடைத்தாலும் சரி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் வீடியோ நேர்காணல்கள் நடந்தன. ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியின் ஃபேமிலி மெடிசின் குழுவிடம், "நோயாளிகளோடு பேசாமல் ஒருநாள்கூட என்னால் இருக்க முடியாது" என்று உருகினாள். அடுத்த வாரம் அதே ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி குழு. திரை திறந்தால், போன வாரம் பார்த்த அதே நரைத்தலை அம்மையார்! சின்ன ஆஸ்பத்திரி, இரண்டு குழுவிலும் அவர்தானாம்.

"பேசாமல் இருக்க முடியாது என்றீர்களே?" என்று கேட்டார் அவர்.

ஷாரன் வசமாக மாட்டிக்கொண்டாள். புளுகிப் பார்க்கலாம் என்றால் வாய் வரவில்லை. "எனக்கு இடம் வேண்டும், மேடம். எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்வேன்" என்று போட்டு உடைத்துவிட்டாள். அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். நல்லதற்குச் சிரிக்கிறாரா என்றுதான் விளங்கவில்லை.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! ஆனால் எந்த ஊர், எந்தத் துறை என்பதை வெள்ளிக்கிழமைதான் சொல்வார்கள். அங்கே வழக்கமே அப்படித்தான்.

ஜெயசீலி அதற்குள் லட்டு வாங்கி வந்துவிட்டாள். எதிர்வீட்டு வனஜா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "இன்னா டாக்டரு?"

"வெள்ளிக்கிழமை தெரியும்க்கா."

"டாக்டருன்னு தெரியுது, இன்னா டாக்டருன்னு தெரியாதா? நல்ல கூத்தா கீதே! என் முட்டி வலிய பார்ப்பியா மாட்டியா, அத்த சொல்லு."

"ஃபேமிலி மெடிசின்னா பார்ப்பேன். இன்னொண்ணுன்னா, முட்டியிலேர்ந்து ஒரு துண்டு வெட்டி அனுப்பினாதான் பார்ப்பேன்."

வனஜா சட்டென்று புடவையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷன் படிக்கட்டில் ஆரம்பித்து, நாத்தனார் போட்ட தைலம் வரைக்கும் வலியின் வரலாற்றைச் சொன்னாள். ஷாரன் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். மனம் மட்டும் அந்த மூட்டுக்குள் புகுந்து, சவ்வு எப்படித் தேய்ந்திருக்கும், சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் என்ன நிறம் காட்டும் என்று அலைந்தது. நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை.

'ஐயோ, எனக்குப் பேத்தாலஜிதான் வேண்டும்' என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதோடு நிம்மதி போயிற்று. செவ்வாய், புதன், வியாழன், சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் சேதி வந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு ஊர். பேத்தாலஜி. ஷாரன் கூவிய கூவலில் வனஜா வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள்.

மனைவியின் முகத்தைப் பார்த்து ஜேசுராஜ் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டார். ஜெயசீலி சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். பிறகு, "பேச்சுத்துணைக்கு ஆளே இருக்காதேடி அங்க" என்றாள்.

"பரவாயில்லம்மா."

"தினம் நானே போன் பண்றேன்."

"வேலை நேரத்துலயா?"

"கண்ணுதானே வேலை செய்யுது? காது சும்மாதானே இருக்கும்?"

ஜேசுராஜ் அதற்குமேல் அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார்.