வேலி அணைந்த காலை

வண்டிப்பெரியாருக்கு மேலே, எஸ்டேட்டின் உச்சி மேட்டில் ரேடியோ தொலைநோக்கியின் பரிசோதனை ஆன்டெனாவை நிறுத்தியபோது எல்லாரும் முகம் சுளித்தார்கள். பக்கத்திலேயே யானைக்குப் போட்ட மின்வேலி. வினாடிக்கு ஒருமுறை அது அடிக்கும் துடிப்பு, வானத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னலை நாசமாக்கியது.

ஷீனாவுக்கு மட்டும் அது வரம். இரண்டு வருஷம் உட்கார்ந்து அவள் வடிவமைத்த சர்க்யூட் போர்டு, துடிப்பு வரும் கணத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மீதியைப் பத்திரமாகக் கொடுக்கும். அவளுடையதா, துடிப்பை வெட்டாத ஜிஜோவின் எளிய போர்டா என்று தேர்வுக் குழு இன்று முடிவு செய்யும். ஜிஜோ, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது இந்த ஞாயிற்றுக்கிழமை.

முதல் திரையில் ஆன்டெனாவின் நேரடி சிக்னல், பக்கத்துத் திரையில் ஷீனாவின் போர்டு தருவது. குழுத் தலைவர் ஆனந்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, ஷீனா?"

திரையில் ஒரு துடிப்புகூட இல்லை. வேலி ஏனோ இன்று அடிக்கவில்லை.

"மேடம், தினமும் அடிக்கும்... பழைய பதிவு இருக்கு..."

"அதை ரிப்போர்ட்லயே பார்த்தாச்சும்மா. நேர்ல பார்க்கத்தான் மலையேறி வந்தோம்."

"வெட்ட ஒண்ணுமில்லாத இடத்துல கத்திரிக்கோல் எதுக்கு மேடம்?" என்றான் ஜிஜோ. எல்லாரும் சிரித்தார்கள்.

வேலியைப் பார்த்துக்கொள்பவர் அவள் அப்பா சூசையப்பன். போன் அணைந்து கிடந்தது. கீழே வேலியின் சுவிட்ச் இருக்கும் ஷெட்டுக்கு ஓடித் திரும்ப முக்கால் மணி நேரமாகும். அரை மணியில் குழுவின் ஜீப் கிளம்பிவிட்டது, ஜிஜோவின் போர்டோடு.

அது போன பிறகுதான் அப்பா மூச்சிரைக்க ஏறி வந்தார், கையில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரிப் பொட்டலம்.

"என்ன பிள்ளே, மிஷின் ஜெயிச்சிட்டா? ஒரு இரைச்சல் வந்திருக்காதே! விடியவுமே வேலிய அணைச்சிட்டேன், போனையுந்தான். மாப்ளதான் நேத்து வந்து சொன்னாரு, அவ வாயத் தொறந்து கேக்கமாட்டா மாமா, நீங்களா செஞ்சாத்தான் உண்டுன்னு. மேனேஜர் மெமோ குடுத்தா குடுக்கட்டும், போ."

ஷீனா திரும்பிப் பார்த்தாள். ஜிஜோ நிதானமாக ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"கோவப்படாதடி. ஒரு வீட்டுக்கு ஒரு போர்டு போதும்" என்று சிரித்து, ஒரு பழம்பொரியை எடுத்துக் கடித்தான்.

அவனைச் சுடும்படி ஒரு சொல்லும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் அப்பா மேல் விழுந்தது.

"நீங்கதாம்பா கெடுத்தீங்க! அந்த இரைச்சல வெட்டிக் காட்டத்தானே மிஷினே. ரெண்டு வருஷத்த ஒரு சுவிட்சுல முடிச்சிட்டீங்க."

சூசையப்பனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நான்... நல்லதுன்னுதான்..." என்றவர், பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அரை மணி கழித்து முதல் திரையில் துடிப்பு குத்திட்டு எழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்துத் திரையில் அவளுடைய போர்டு ஒன்றுவிடாமல் சுத்தமாக வெட்டித் தள்ளியது.

"அடேயப்பா, நல்லாத்தான் வேலை செய்யுது" என்றான் ஜிஜோ, மென்றுகொண்டே.

ஷீனா பொட்டலத்தை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"மூணாவது ஓலை வேண்டாம்னு பங்குச் சாமியார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

இறங்கத் தொடங்கினாள். அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.