நாலாவது ஊர் வரைக்கும்

"நூலை இழுக்காதடா. ரோடு வளையுற இடத்துல நீயும் வளை," என்றாள் அம்மா.

அவன் வளைந்தான். வரைபடம் அம்மாவின் முழங்கால்கள் மேல் போர்வையோடு சேர்ந்து விரிந்து கிடந்தது. அவள் இருமும்போதெல்லாம் வரைபடத்து ஏரியில் அலை அடித்தது. மூன்றாவது ஊரில் குண்டூசியைக் குத்தி, அங்கிருந்து நாலாவது ஊர் வரைக்கும் கரையோரச் சாலையின் மேல் தையல் நூலைப் படியவிட்டு அளந்துகொண்டிருந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாங்கியவருக்குத் தலைவலி வந்துவிடும் என்று பதினோரு வருடமாகப் பயந்து பயந்தே பிழைப்பவன். அப்பேர்ப்பட்டவன் கையிலும் இன்றைக்கு நூல் இரண்டு முறை கரையை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

ஏழு சின்ன ஊர்கள். ஏரியைச் சுற்றி ஒரு வட்டம். வியாழக்கிழமை கிளம்புவதாக அம்மா முடிவு செய்திருந்தாள். வியாழக்கிழமையைப் பற்றி டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் அவரிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவள் அவள். அந்த ஏழு ஊருக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள். ஒரு ஊரில் யார் பேசினாலும் பின்னால் மரம் அறுக்கும் சத்தம் வரும், படகுத்துறை ஊர்க்காரர்கள் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு ஊரையும் கண்ணால் பார்த்ததில்லை. விடுதிகளுக்கும் அவளே போன் செய்து அறை போட்டாள், காலை வேளைகளில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு. பக்கத்தில் ஆள் இருந்தால் ஆபரேட்டர் குரல் வராதாம். நாலு ஊருக்கு முடிந்திருந்தது. மூன்று பாக்கி.

கட்டிலின் அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்ட வேணாம்னு அவன்கிட்ட சொல்லு," என்றார்.

அம்மா தலையை மகன் பக்கம் திருப்பினாள். "நூறு கிலோமீட்டர்."

"மொத்தச் சுத்தே இருநூறுதான்னு சொல்லும்மா."

அம்மா தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். "மொத்தமே இருநூறாம்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடத்துக்கு முன் தன் கம்பெனியிலேயே மகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள், எட்டாவது மாடியில் லிஃப்ட் ஓடும் பள்ளத்தை மகன் எட்டிப் பார்த்தான். திரும்ப லிஃப்டில் ஏறத் துணிச்சல் வரவில்லை. படி வழியாகவே இறங்கி வீட்டுக்கு வந்து, இனி அந்த வேலைக்குப் போகமாட்டேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னான். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது மூன்று நாள் கழித்து, பத்துப் பேர் நடுவில், சூப்பர்வைசர் சொல்லி. எங்கிட்ட சொல்லாதவன்கிட்ட நான் எதுக்குச் சொல்லணும் என்று அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். ஒரு வாரத்தில் தணிந்துவிடுவார் என்று அவனும் வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அம்மாதான் எக்ஸ்சேஞ்ச் வேலையை வீட்டிலும் பார்த்தாள், ஓய்வு பெற்ற பிறகும், வார விடுமுறைகூட இல்லாமல்.

"நூலை அப்படியே வை," என்றாள். "கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன். அஞ்சாவது ஊர் அப்புறம்."

அவன் நாலாவது ஊரில் விரலை அழுத்திக்கொண்டு இருந்தான். அப்பா தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்தார். தெருவில் யாரோ ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பிப் போன பிறகுதான், ஏரி அசையவில்லை என்பதை அவன் கவனித்தான்.

அப்பாவும் கவனித்துவிட்டார். எழுந்து, குனிந்து, அம்மாவின் காதருகே சொன்னார்.

"அவன்கிட்ட டாக்டருக்குப் போன் பண்ணச் சொல்லு."

அவனுக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனாலும் அம்மா தன் பக்கம் திரும்பிச் சொல்லட்டும் என்று காத்திருந்தான். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான். பத்து விநாடி இருக்கலாம். போன் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் வந்த சித்தி, விண்ணப்பம் போடாமலே அம்மாவின் எக்ஸ்சேஞ்ச் வேலையில் சேர்க்கப்பட்டாள். அம்மாவைக் கொண்டுபோகும் வண்டி பத்து மணிக்கு வருகிறது என்று அப்பா அவளிடம் சொல்ல, ஒன்பதரைக்கே வரச் சொல்லியாயிற்று என்று இவன் அவளிடம் சொன்னான். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து அவளுக்குக் கால் வீங்கிவிட்டது.

"ரெண்டு பேருக்கும் காது இருக்கு, வாய் இருக்கு. நான் என்ன இந்த வீட்டுத் தபால்காரியா?" என்றாள். அழுதுகொண்டேதான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த தபாலை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவைக் கிடத்தியிருந்த பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் அப்பா, பின்பக்கம் அவன். வாசற்படியில் "மெதுவா" என்றார் அப்பா. யாரிடம் என்று சொல்லவில்லை. எல்லாருமே மெதுவாக இறங்கினார்கள்.

திங்கட்கிழமை, போட்ட அறைகளை ரத்து செய்யும்படி அப்பாவிடமிருந்து சித்தி வழியாக உத்தரவு வந்தது. அவனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஏழு ஊரைப் பார்க்க ஆசைப்பட்டவளே இல்லை. பேச்சுத் துணை இல்லாத இரண்டு ஆண்கள் ஏரியைச் சுற்றி வந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? முதல் ஊர் விடுதிக்குப் போன் செய்தான். எடுத்தது விடுதிக்காரம்மா. அம்மாவின் குரலைப் பற்றி ரொம்ப நேரம் பேசினாள், ரேடியோவில் செய்தி வாசிப்பது போலவே இருக்குமாம். அவன் விஷயத்தைச் சொன்னதும் "அடக் கடவுளே" என்றாள்.

"மூணு பேருக்குப் போட்டிருந்த ரூம். அதை கேன்சல் பண்ணிடுங்க," என்றான்.

"மூணா? ரெண்டு பேருன்னுதானே தம்பி சொன்னாங்க. ஒரே ரூம், தனித்தனிக் கட்டில்." ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க, ஏதோ தகராறுன்னு நீங்க பயந்துடாதீங்கன்னுகூடச் சொல்லி வச்சாங்க."

இரண்டாவது ஊரிலும் ரெண்டு பேர்தான். மூன்றாவது ஊரில் விடுதிக்காரர் "அந்தப் பேசாத பார்ட்டிதானே?" என்றார். நாலாவது ஊருக்கு அவன் போன் செய்யவில்லை.

சமையலறையில் அப்பா அலமாரிக் கதவின் கீலை முடுக்கிக்கொண்டிருந்தார். அவன் வாசலில் நின்றான். சித்தி சோப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வந்துவிடட்டும் என்று நின்றுகொண்டே இருந்தான். வழியில் யாரிடமாவது மாட்டியிருப்பாள், அல்லது யாராவது அவளிடம் மாட்டியிருப்பார்கள். எப்படியும் அரைமணி நேரம் ஆகும். எட்டாவது மாடிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தது போல, இங்கே, தரைத்தளத்தில், சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ரூம் ரெண்டு பேருக்குத்தான் போட்டிருக்காங்க," என்றான். "மொதல்லேர்ந்தே."

அப்பா திருப்புளியைத் திருகிலிருந்து எடுக்கவில்லை. திருகு எப்போதோ முழுக்க இறங்கிவிட்டிருந்தது. அதையே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு ஊர் பாக்கின்னு உங்கம்மா சொன்னா," என்றார் கீலைப் பார்த்து.

"ஆமா."

"அதுக்கும் போட்டுடு. வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமைதான்."

முதல் மூன்று ஊரிலும் அறையை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அவன் பாக்கி மூன்று ஊருக்கும் பேசி முடித்தான். ஐந்தாவது ஊரில் இடமில்லை என்றார்கள். வேறு விடுதி தேடினான். அங்கும் இல்லை என்றதும், ஒரு படகுக்காரர் வீட்டு மாடியைப் பிடித்தான். எல்லா இடத்திலும் ஒரே அறை, தனித்தனிக் கட்டில். சித்திக்குத்தான் பொறுக்கவில்லை. துக்கம் நடந்து வாரம்கூட ஆகவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள்.

"எந்த ஊரு? ஏழு இருக்கு," என்றார் அப்பா.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரை வெளியே எடுத்தான். அப்பா பையை டிக்கியில் வைத்துவிட்டு, வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். முன்சீட்டு அம்மாவுடையது. வாடகைக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவனைப் போலத் தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை பிரியும் இடம் வரை வந்தான். கண்ணாடியில் அப்பாவின் காது மட்டும் தெரிந்தது.

"நிறுத்து," என்றார் அப்பா.

நிறுத்தினான். அப்பா இறங்கி, பின்கதவைச் சாத்தி, சுற்றிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்தார். அம்மா குள்ளம். சாலை தெரிய வேண்டும் என்று சீட்டை டாஷ்போர்டு வரைக்கும் முன்னால் தள்ளி வைத்திருந்தாள். அப்பாவோ நிலைப்படியில் குனிந்து போகும் உயரம். ஒவ்வொரு காலாக மடக்கி உள்ளே வைத்தார். முழங்கால்கள் இரண்டும் கிட்டத்தட்ட மோவாய் வரை வந்துவிட்டன.

சீட்டைப் பின்னால் தள்ளும் கம்பி எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்குக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பாவின் கை கீழே போய் அதைத் தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மேலே வந்து, பெல்ட்டை இழுத்து மாட்டியது.

அவன் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, காரைச் சாலைக்கு ஏற்றினான்.