சித்தப்பா மகள்

கல்யாணப் பெண்ணோடு சவூதியிலுள்ள தம்மாமுக்குப் போகவேண்டிய சாமான்களின் பட்டியலில் ஏழாவதாக நாகஜோதி இருந்தாள். ஆறாவது வாஷிங் மெஷின். எட்டாவது இஸ்திரிப் பெட்டி. எஜமானியம்மா காரின் பின்சீட்டில் உட்கார்ந்து அதை மகளுக்கு வாசித்துக்கொண்டே வந்தார். வண்டி ஓட்டிய பாண்டித்துரைக்கு ஏழாவது காதில் விழுந்தது. சிவப்பு விளக்கு கண்ணில் விழவில்லை.

குவைத்தில் ஆளை விற்பதும் வாங்குவதும் ஒழிந்து நெடுநாள் ஆகிறது. 2005-இல் போய் யாராவது அப்படிச் செய்வார்களா? விசாவை மாற்றி எழுதுவார்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட், விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் இரும்பு அலமாரியில் இருக்கும்போது ஆள் வேறெங்கே போய்விடும்?

முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பாண்டித்துரைக்கும் அறந்தாங்கிப் பக்கத்து நாகஜோதிக்கும் இரண்டு வருடமாக ஒரே வீட்டில் வேலை. அவன் கார் ஓட்டுவான். மிச்சமிருந்த வேலை எல்லாம் அவளுடையது. ஊரில் இருவருடைய சாதிகளும் ஒரே டீக்கடையில் வேறுவேறு டம்ளரில் குடிப்பவை. இங்கே அந்தக் கவலை இல்லை. கஃபீல் அபூ ஈசாவைப் பொறுத்தவரை இருவரும் ஒரே சாதி: வீட்டுவேலைக்காரர்களுக்கான இருபதாம் நம்பர் விசா. ஆனால் உறவில்லாத ஆணும் பெண்ணும் நின்று பேசினால் முதலில் போலீஸ், பிறகு விமானம்.

இதற்கு வழி சொன்னவர் ஃபர்வானியாவில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை மீராசா.

“தங்கச்சின்னு சொல்லிருடா. எந்த அரபி வந்து ஒங்க ரேசன் கார்டைப் பாக்கப்போறான்?”

சொன்னான். பலித்தது. நாகஜோதி குப்பை கொட்ட வெளியே வரும்போது ‘அண்ணனோடு’ ஐந்து நிமிடம் பேச அனுமதி கிடைத்தது. காதல் வளர வளர அந்த வீட்டில் குப்பையும் வளர்ந்தது. ஒருநாள் அரைக்கிலோ நல்ல கத்தரிக்காய் காதலுக்காக உயிரை விட்டது. வீட்டார் காதில் விழட்டும் என்று அவள் ‘அண்ணே, அண்ணே’ என்று உரக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாளடைவில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

அன்று மாலை குப்பைத்தொட்டி பக்கத்தில் அவள் கேட்டாள்: “ஏண்ணே, நான் ஏழாவதாமே?”

“மெதுவாப் பேசு.”

“வாஷிங் மெஷினுக்குப் பின்னாடியா என்னைய வைக்கிறது? அதுக்குப் பட்டன் அமுக்குறதே நாந்தான்.”

“நான் கஃபீல்கிட்ட பேசுறேன்.”

“என்னன்னு? ‘என் தங்கச்சிய நானே கட்டிக்கிறேன்’னா?”

பொய் சொன்ன அன்று இந்த நாளை யாரும் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அபூ ஈசா அவனை வரவேற்பறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் திறந்து கிடந்தன. தம்மாம் காகிதங்களுக்காக அவளுடையதை எடுத்தவர், விசா புதுப்பிக்க இவனுடையதையும் சேர்த்து எடுத்திருக்கிறார். நாகஜோதி காபி பிளாஸ்க்கோடு வாசலில் நின்றாள்.

“உன் தகப்பன் பெயர் சோலைமுத்து,” என்றார் அபூ ஈசா, இருவருக்கும் புரிகிற எளிய அரபியில். “இவள் தகப்பன் பெயர் கருப்பையா. உங்கள் ஊரில் அண்ணன் தங்கைக்கு ஆளுக்கொரு தகப்பனா?”

உண்மையைச் சொன்னால் இரண்டு விமானம். பொய்யிலேயே நின்றால் இவள் தம்மாம், இவன் குவைத். பாண்டித்துரை பொய்யைப் பாதியாக வெட்டினான்.

“எங்கப்பாவும் அவுகப்பாவும் கூடப்பொறந்தவுக, பாபா. இவ என் சித்தப்பா மக.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சித்தப்பா மகளும் தங்கைதானே? அவளைக் கட்டுவதை நினைத்துப் பார்த்தாலே ஊரில் செருப்பு பறக்கும். தானே தன் காதலுக்குப் பாடை கட்டிவிட்டு நின்றான்.

அபூ ஈசா மேஜையை ஓங்கித் தட்டினார். பாஸ்போர்ட்டுகள் குதித்தன.

“தகப்பனின் தம்பி மகள்! உனக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவளுக்கும் ஆகவில்லை! இரண்டு வருடமாக என் காரைக் கழுவிக்கொண்டு நிற்கிறாயே, வெட்கமாயில்லை உனக்கு?”

எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று பாண்டித்துரைக்கு விளங்கவில்லை. பொதுவாக வெட்கப்பட்டு வைத்தான்.

அபூ ஈசாவின் மனைவி அவருடைய சித்தப்பா மகள். அவருடைய தாயார் அவருடைய தகப்பனாருக்குச் சித்தப்பா மகள். அவர்கள் வழக்கத்தில் சித்தப்பா மகளுக்கு முதல் மாப்பிள்ளை பெரியப்பா மகன்தான். அவன் வேண்டாம் என்ற பிறகே வெளியாள் வாசலுக்கு வரலாம். உரியவன் வாசலிலேயே நிற்க, அவளை எல்லை தாண்டி அனுப்புவது, சாப்பிட உட்கார்ந்தவன் முன்னாலிருந்து இலையை உருவுகிற மாதிரி.

“அவளை வேண்டாம் என்கிறாயா?”

“இல்ல பாபா!” அவன் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக அரபி பேசியதில்லை.

அபூ ஈசா வாசல் பக்கம் திரும்பினார். “உனக்குச் சம்மதமா?”

அந்த வீட்டில் யாரும் அவளிடம் காபி, இஸ்திரி சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “அண்ணே என்ன சொல்றாகளோ அதுதான்.”

“வெட்கப்படுகிறாள்,” என்று அபூ ஈசா திருப்திப்பட்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்க் மூடி கடகடவென்று ஆடியது.

மாடியில் எஜமானியம்மா சண்டை போட்டார், பட்டியல் என்னாவது? அபூ ஈசா குரலை இறக்கினார். “என் சித்தப்பா மகளே, உன் பெயரை எவனாவது பட்டியலில் எழுதியிருந்தால் நான் விட்டிருப்பேனா?” எஜமானியம்மாவுக்கு முப்பது வருடத்துக்குப் பிறகு முகம் சிவந்தது. ஏழாவது வரியை அடித்துவிட்டு மைக்ரோவேவ் என்று எழுதினார்.

இவ்வாறாக, ஒரு பெண் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவளைத் தவிர எல்லாரும் கூடிப் பேசி, அதிசயமாக, அவள் நினைத்தபடியே முடிவு செய்தார்கள்.

மீராசா சிரித்த சிரிப்பில் அரிசி மூட்டை மேல் சரிந்துவிட்டார். “சித்தப்பா மகளையாடா? அடப்பாவி, அதுக்கு நாங்களே ரெண்டு தடவை யோசிப்போம்! ஊருல மட்டும் சொல்லிராத. சாதி மாறிக் கட்டுனதக்கூட ஒருநாள் மன்னிச்சிருவாங்க, இத மன்னிக்க மாட்டாங்க.”

அடுத்த வாரம் அபூ ஈசா இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் கையில் கொடுத்து இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பினார். கல்யாணத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்திருந்தவர் ரவிசங்கர் என்ற தமிழர். படிவங்களைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் உறவா?” என்றார்.

“இல்ல சார்,” என்றான் பாண்டித்துரை. இரண்டு வருடத்தில் அவன் சொன்ன முதல் உண்மை. சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

நாகஜோதி பேனாவை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, கையெழுத்து எங்க போடணும்?”

ரவிசங்கரின் கை நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “யாரைம்மா கேக்குற?”

“உங்களத்தான் சார்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கையெழுத்து ஆயிற்று. வெளியே வந்ததும் பாண்டித்துரை கையை நீட்டினான். “உன் பாஸ்போர்ட்ட குடு, பத்திரமா நான் வச்சிக்கிறேன்.”

அவள் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். பாஸ்போர்ட்டைத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பைக் கடைசிவரை இழுத்தாள்.

“கஃபீல் ஒருத்தர் போதும்ணே. நடங்க, டீ குடிப்போம்.”