ரிட்டர்ன் விஷயமா வந்தேன்

ஜெயராஜுக்கு உலகத்தில் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'ரிட்டர்ன்'தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் லோடு ஏற்றுகிறவர் அவர். கம்பி சரியில்லை என்று வாங்கினவன் லாரியோடு திருப்பி அனுப்பினால் அதற்கு அங்கே ரிட்டர்ன் என்று பெயர். ரிட்டர்ன் வந்த அன்றைக்கு ஷிஃப்டில் யாராவது ஒருத்தன் தலை உருளும், வேலை போகும். போன வருஷம் உருண்டது அவருடைய கூட்டாளி வரதனின் தலை. கம்பி கோணலானதற்கு ஏற்றினவன் என்ன செய்வான் என்று ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஜெயராஜும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் நாஷ்டாவுக்கு உட்காரும்போது, மகள் சுகிர்தா போனில் தோழி ஸ்நேகாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

“தணிகாசலம் சார் ரிட்டர்ன்தான்டி பேஜாரு. இந்த மாசத்துக்குள்ள சரியாவலன்னா என் படிப்பு அவ்ளோதான்.”

சுகிர்தா அஞ்சல் வழியில் பி.காம். படிக்கிறாள், கடைசி வருஷம் வரப்போகிறது. பகலில் காண்ட்ராக்டர் தணிகாசலம் மூலமாக இன்னொரு ஆலையின் அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலை. அந்த வருமானத்தில்தான் படிப்பே ஓடுகிறது. மகளை வேலையிலிருந்து திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று ஜெயராஜ் முடிவே கட்டிவிட்டார். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவள் கண் கலங்கியிருந்ததால் கேட்கவும் மனசு வரவில்லை.

பாவம், விஷயம் வேறு. படிக்கிற பிள்ளைகளுக்கு வரியே கிடையாது என்றுதான் சுகிர்தாவும் ஸ்நேகாவும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வருமான வரிக்காரர்களோ படிக்கிறாயா என்று கேட்பதில்லை, எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். சுகிர்தாவின் சம்பாத்தியம் வரி கட்டும் அளவுக்கு இல்லை. ஆனாலும் தணிகாசலம் அவளைச் சம்பளக்காரியாகக் காட்டாமல் 'கன்சல்டன்ட்' என்று எழுதி, மாதாமாதம் பத்தில் ஒரு பங்கை வரியென்று பிடித்துக்கொண்டார். டைப் அடிக்கிற பெண்ணிடம் என்ன ஆலோசனை கேட்டாரோ, அவருக்கே வெளிச்சம். வருமானக் கணக்கை, அதாவது ரிட்டர்னை, அவள் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்பி வரும். கடைசி வருஷ ஃபீஸுக்கு அதைத்தான் நம்பியிருந்தாள். அதற்கு முதலில் தணிகாசலம் பிடித்ததை அரசாங்கத்துக்குக் கட்டி, அவள் பெயரைக் காட்டித் தன் பங்குக்கு ஒரு ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். மனுஷன் போடவில்லை. பணத்தைத் தொழிலில் ரொட்டேஷன் விட்டுவிட்டு, அவள் கேட்டபோதெல்லாம் ஆடிட்டர் ஊரில் இல்லை என்று தட்டிக் கழித்தார்.

இதொன்றும் தெரியாத ஜெயராஜ், ஷிஃப்ட் முடிந்ததும் வேர்த்த சட்டையோடு தணிகாசலத்தின் ஆபீசுக்குப் போனார். யாரையும் கும்பிட்டுப் பழக்கமில்லாதவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

“இன்னா ஜெயராஜு, வேலை எதுனா வேணுமா?” என்றார் தணிகாசலம், தலையைத் தூக்காமல்.

“ரிட்டர்ன் விஷயமா வந்தேன் சார்.”

தணிகாசலத்தின் பேனா நின்றது.

ஜெயராஜ் கை கூப்பினார். “எம்பொண்ணு படிப்பு அதுலதான் கீது சார். நான் யாராண்டயும் சொல்லல. நேரா உங்களாண்டதான் வந்துக்கிறேன். நீங்களே பாத்து ஒரு முடிவு பண்ணுங்க.”

இதைவிடப் பணிவாகக் கெஞ்ச ஜெயராஜுக்குத் தெரியாது. தணிகாசலத்துக்கோ ஒவ்வொரு சொல்லும் வேறு மாதிரி கேட்டது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்றால், இனிமேல் சொல்வான் என்றுதானே அர்த்தம்? முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க, மொதல்ல உக்காருங்க.”

டீ வந்தது. இந்த வாரமே முடித்துவிடுவதாகவும், வேறெங்கும் போக வேண்டாம் என்றும் தணிகாசலம் இரண்டு முறை சொன்னார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று வழியெல்லாம் நினைத்தபடி ஜெயராஜ் வீடு வந்து சேர்ந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாசக் கடைசிக்குள் ஒரு நாள் சுகிர்தா போனும் கையுமாக வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ரிட்டர்ன் போட்டாச்சு நைனா.”

ஜெயராஜுக்கு உயிரே போய்விட்டது. “போட்டாங்களா? வேணாம்னு அந்தாள கும்புட்டு கேட்டுக்கினு வந்தேனே.”

சுகிர்தாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்ன பேசினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவிலேயே அழுகை வந்தது. மேஸ்திரியைக்கூடக் கும்பிடாத மனுஷன், அவளுக்காகக் கும்பிட்டிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினாள். பணம் வரும், ஃபீஸ் கட்டலாம், வேலைக்கும் ஒன்றுமில்லை.

ஜெயராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அப்ப நான் கும்புட்டது வேஸ்ட்டா?”

“இல்ல நைனா. நீ கும்புட்டதுலதான் அவரு பயந்துட்டாரு.”

தன்னைப் பார்த்து ஒருத்தர் பயந்தார் என்று இந்த வயது வரைக்கும் அவர் கேட்டதில்லை. எழுந்து சட்டையை மாட்டினார். எங்கே கிளம்பிவிட்டார் என்று சுகிர்தா கேட்டாள்.

“வரதன் ஊட்டுக்கு. அவன இட்டுக்கினு நாளைக்கு எங்க மேனேஜராண்ட போவணும்,” என்றார் ஜெயராஜ். “ரிட்டர்ன் விஷயமா.”